சின்னமலைக் குகையில் ஒரு கைத்தடம்

தியானப் பகுதி: யோவான் 20:24–29; 1 இராஜாக்கள் 19:9–18; யாத்திராகமம் 20:16



நம் அபிராமபுரத்திலிருந்து புறப்பட்டு, கோட்டூர்புரம் பாலத்தில் அடையாற்றைக் கடந்து, ஆளுநர் மாளிகையின் மதிலை ஒட்டி மேற்கே சென்றால் சிறிது நேரத்தில் சின்னமலை வந்துவிடும். இப்போது அந்தப் பெயரில் ஒரு மெட்ரோ நிலையமும் இருக்கிறது. பேருந்துகளின் இரைச்சலுக்கும் மேம்பாலத்தின் நிழலுக்கும் நடுவே, பாறை மேடு ஒன்றின்மேல் கத்தோலிக்க ஆலயம் நிற்கிறது. நம்மில் பலர் அந்த வழியாகத் தினமும் வேலைக்குப் போகிறோம். அந்தப் பாறையின் உள்ளே ஒரு குகை இருப்பதை எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

குகையின் மேல் போர்த்துகீசியர் 1551ஆம் ஆண்டில் ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். அதன் வழியாகவே உள்ளே இறங்க வேண்டும். வாயில் தாழ்ந்தது, குனியாமல் ஒருவரும் நுழைய முடியாது. உள்ளே சிறியதொரு பீடம். கிழக்குப் பக்கத்தில் வெளிச்சம் வரும் ஒரு திறப்பு. அதனருகே பாறையில் ஒரு கைத்தடம் காட்டப்படுகிறது. வெளியே ஒரு காலடித் தடமும், வற்றாத ஊற்று என்று சொல்லப்படும் ஒரு நீர்ச்சுனையும் உள்ளன.

இவற்றைப்பற்றிய மரபுக்கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அப்போஸ்தலனாகிய தோமா இந்தக் குகையில் தங்கி ஜெபித்தார். தம்மிடம் வந்த மக்களின் தாகம் தீரப் பாறையை அடித்தார், நீர் சுரந்தது. பகைவர் துரத்தி வந்தபோது பாறை திறந்து வழிவிட்டது. அவர் கைபற்றிய இடத்தில் கைத்தடமும், கால்பதித்த இடத்தில் காலடியும் நிலைத்தன. அங்கிருந்து பரங்கிமலைக்குத் தப்பிச் சென்றார். அங்கே ஜெபித்துக்கொண்டிருக்கையில் கொல்லப்பட்டார். இதுவே அந்தக் கதையின் சுருக்கம்.

இந்தக் குகையைப்பற்றிப் பேசும்போதெல்லாம் நம் சபையில் இரண்டு விதமான முகங்களைக் காண்கிறேன். சிலருக்கு இது முழுக்க முழுக்க உண்மை, சந்தேகிப்பதே பாவம். வேறு சிலருக்கு இது மூடநம்பிக்கை. நாம் அங்கே போவதே தவறு. நான் இரு திறத்தாரையும் மதிக்கிறேன். ஆனால் இந்த வாரம் மூன்றாவது ஒரு வழியில் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அந்தக் குகைக்குள் குனிந்து நுழைவோம். கல் என்ன சொல்கிறது, ஏடு என்ன சொல்கிறது, கதை என்ன சொல்கிறது என்று தனித்தனியே கேட்போம். ஏன் அப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், கதைகள் எப்படிப் பாறைகளைத் தேடி வருகின்றன என்று பார்ப்போம். இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்னும் மேட்டு நிலம் உள்ளது. மரமற்ற புல்வெளிகள், இடையிடையே குன்றுகளின் உச்சியில் கருங்கல் அடுக்குகள். அங்கே மனித முகம்போல நிற்கும் ஒரு பாறைத் தூண், சூனியக்காரிகளால் கல்லாக்கப்பட்ட வேட்டைக்காரன் என்று மக்கள் சொல்கிறார்கள். அருகிலுள்ள பாறைக்கூட்டம் அவனுடைய நாய்களாம். ஷீப்ஸ்டோர் என்ற குன்றில் பாறைகளுக்கிடையே ஓர் இடுக்குக் குகை உண்டு. அது குறும்பு செய்யும் குட்டித் தேவதைகளின் வீடு என்பது பழைய நம்பிக்கை. உள்ளே போனவர்கள் அவற்றைச் சாந்தப்படுத்த ஒரு குண்டூசியையாவது விட்டு வருவார்களாம். பதினேழாம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போர் வந்தது. அரசன் பக்கம் நின்ற எல்ஃபோர்டு குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கிராம்வெல்லின் வீரர்களுக்குப் பயந்து அதே குகையில் ஒளிந்திருந்தார் என்றும், பொழுதுபோகச் சுவரில் ஓவியம் வரைந்தார் என்றும் மரபு சொல்கிறது. குகை ஒன்றுதான்; காலம் மாற மாற அதன் குடியிருப்பாளர் மாறுகிறார்கள்.

நம் அருகிலேயே இதற்குச் சான்று உண்டு. பல்லாவரத்தில் ஒரு குன்றைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குடைவரைக் கோயில் அமைத்தான். இன்று அது இஸ்லாமியரின் தர்காவாக விளங்குகிறது. மக்களோ அந்தக் குன்றைப் பஞ்சபாண்டவர் மலை என்று அழைத்தார்கள். தமிழ்நாடு முழுவதும் சமணத் துறவிகள் தங்கிய கற்படுக்கைகளுக்குப் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்றே பெயர். வெட்டியவர் யார், படுத்தவர் யார் என்பது மறந்துபோனபின், மக்கள் தங்களுக்குத் தெரிந்த, தங்களால் நேசிக்கப்பட்ட ஒரு பெயரைக் கல்லுக்குச் சூட்டுகிறார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. பெயரில்லாத இடத்தில் மனிதனால் நெடுங்காலம் வாழ முடியாது, அவ்வளவே.

இனி, கல்லைக் கேட்போம். பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனவை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இவ்வகைக் கல்லாக இருந்ததால், 1893ஆம் ஆண்டில் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை இட்டார். இந்தக் கல்லின் வயது இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் இதே பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அதிலிருந்து வளர்ந்தது. ஆகவே, கர்த்தரின் ஊழியக்காரர் எவரும் இங்கே வருமுன்பே, பெயர் தெரியாத மனிதர்கள் இக்குன்றுகளின் அடியில் வாழ்ந்து, வேட்டையாடி, பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். அவர்களையும் படைத்தவர் நம் தேவனே. ஆனால் கல் தோமாவைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அது மௌனமான சாட்சி.

அடுத்து, ஏட்டைக் கேட்போம். தோமா இந்தியாவுக்கு வந்ததைச் சொல்லும் மிகப் பழைய நூல் ‘தோமாவின் நடபடிகள்’. மூன்றாம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுந்தது; வேதாகமத்தில் சேர்க்கப்படாதது. அதில் தோமா இந்தியாவுக்குப் போக மறுக்கிறார். ஆண்டவர் அவரை ஒரு வணிகனிடம் தச்சனாக விற்கிறார். அவர் கொண்டபர்னேஸ் என்னும் அரசனிடம் வந்து சேருகிறார். நெடுங்காலம் அந்த அரசனே கற்பனை என்று எண்ணினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்தில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. அவன் முதல் நூற்றாண்டில் உண்மையாகவே ஆண்டவன். ஏளனம் செய்தவர்கள் சற்றே அடங்க வேண்டியதாயிற்று. ஆயினும் அந்நூலில் மயிலாப்பூரின் பெயர் இல்லை, சின்னமலையும் இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிய பயணக் குறிப்பில் நம் கடற்கரை தென்படுகிறது. மாபார் நாட்டில் ஒரு சிற்றூரில் தோமாவின் உடல் இருப்பதாகவும், அந்த இடத்தின் செம்மண்ணைப் பக்தர்கள் எடுத்துச் சென்று நோயாளிகளுக்குக் கொடுப்பதாகவும் சொல்கிறார். கிறிஸ்தவர் மட்டுமல்ல, இஸ்லாமியரும் அந்த இடத்தைப் புனிதமாக எண்ணி வந்தார்கள் என்றும் குறிப்பிடுகிறார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துகீசியர் மயிலாப்பூரைப்பற்றி எழுதியபோது, அங்கிருந்த ஆலயம் சிதைந்து கிடந்தது. ஓர் ஏழை இஸ்லாமியர் அதைப் பராமரித்து, பிச்சையெடுத்த காசில் கல்லறையில் ஒரு விளக்கை எரியவிட்டுக் கொண்டிருந்தார். இந்த வரியை மறந்துவிடாதீர்கள். மீண்டும் இங்கே வருவோம்.

1523ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் பரங்கிமலையின் உச்சியில் ஆலயம் எழுப்பினார்கள். 1547இல் அங்கே அஸ்திவாரம் தோண்டியபோது, பூவேலைப்பாடுள்ள ஒரு சிலுவைக் கல் கிடைத்தது. அதைச் சுற்றிலும் ஒருவருக்கும் புரியாத எழுத்துகள். உள்ளூரில் கற்றவர் ஒருவரை அழைத்து வாசிக்கச் சொன்னார்கள். அவர் தோமாவின் வரலாற்றையே அந்தக் கல்லிலிருந்து நீளமாக வாசித்துக் காட்டினார்! கேட்டவர்களின் உள்ளம் குளிர்ந்தது. 1558ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்று வழிபாட்டின்போது அச்சிலுவை இரத்தம் வியர்த்தது என்றும், 1704 வரை அது பலமுறை நிகழ்ந்தது என்றும் சபைக் குறிப்புகள் கூறுகின்றன.

எழுத்தின் உண்மையோ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது. 1873இல் ஆர்தர் பர்னெல் என்னும் அறிஞர் அது பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்து என்று எடுத்துக்காட்டினார். வாசிப்பில் அறிஞர்களுக்குள் இன்றும் வேறுபாடு உண்டு. ஆயினும் அது தோமாவின் வரலாறு அன்று. இந்தச் சிலுவையைச் செய்வித்த ஒரு மனிதன் தன்மேல் இரங்கும்படி கிறிஸ்துவை வேண்டும் குறுகிய ஜெபம் என்பதே பலருடைய கருத்து. இதே வகைச் சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம் முதலிய இடங்களிலும் உள்ளன.

அன்பானவர்களே, இதைக் கேட்டு உங்களுக்கு ஏமாற்றமா? எனக்கு இல்லை. முந்நூறு ஆண்டுகள் நாம் அந்தக் கல்லில் ஒரு பெரிய கதையை வாசித்துக் கொண்டிருந்தோம். அதில் இருந்ததோ ஒரு பாவியின் சிறிய விண்ணப்பம். போர்த்துகீசியரின் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, நம்முடைய இந்தக் கரையில் ஒருவர் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி இரக்கம் கேட்டிருக்கிறார். கதை பறித்துக்கொண்ட இடத்தை உண்மை நிரப்பிவிட்டது. அது கதையைவிடச் சிறியது. ஆனால் கையால் தொட்டுப் பார்க்கக் கூடியது.

இப்போது கதையைக் கேட்போம். குறிப்பாக அதன் முடிவை. தோமா எப்படி மரித்தார்? ‘தோமாவின் நடபடிகள்’ சொல்வது: மஸ்தாய் என்னும் அரசன், தன் மனைவியும் உறவினரும் விசுவாசிகளானதால் சினந்து, நான்கு போர்வீரரை அனுப்பி ஒரு மலையில் ஈட்டியால் குத்திக் கொல்வித்தான். மார்க்கோ போலோ கேட்டு எழுதியது: தோமா மயில்கள் உலவும் ஒரு தோப்பில் ஜெபித்துக் கொண்டிருந்தார், மயிலைக் குறிவைத்து ஒருவன் எய்த அம்பு, அவனறியாமலேயே அவர்மேல் பாய்ந்தது. அது ஒரு விபத்து. போர்த்துகீசியர் காலத்தில் பரவிய வடிவத்திலோ, உள்ளூர்ப் பூசாரிகள் பொறாமையால் சதி செய்கிறார்கள். ஒருவன் பின்னாலிருந்து ஈட்டியால் குத்துகிறான்.

மூன்று முடிவுகள். முதலாவதில் அரசன் குற்றவாளி. இரண்டாவதில் குற்றவாளியே இல்லை. மூன்றாவதில் நம் அயலவர் குற்றவாளி. நம் பிள்ளைகளுக்கு நாம் எதைச் சொல்லிக் கொடுத்தோம்?

நான் சொல்லிக் கொடுத்தது மூன்றாவதை. இதுவே நான் முன்னே குறிப்பிட்ட சொந்தக் காரணம். பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய வேறொரு சபையில், தோமாவின் நினைவு நாளில் பிரசங்கித்தேன். துரத்தி வந்தவர்களையும், அவர்களுடைய கோபத்தையும், ஈட்டியையும் கண்முன் நிற்கும்படி வருணித்தேன். சபை உருகிப்போயிற்று. அன்று ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்திற்காக, அதன் தந்தையோடு அலுவலகத்தில் பணிபுரிந்த ஒரு பெரியவர் வந்திருந்தார். மயிலாப்பூர் மாடவீதிகளில் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர்; நெற்றியில் திருநீறு. ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, மிகுந்த மரியாதையோடு, “நீங்க சொன்னது எந்தப் புஸ்தகத்துல இருக்கு சார்? எனக்கும் படிச்சுப் பாக்கணும்” என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. இறையியல் கல்லூரியில் ‘தோமாவின் நடபடி’களைப் பாடமாகப் படித்தவன் நான். அந்நூலில் நான் வருணித்தது இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் பீடத்தில் நின்றபோது, எது உருக்கமோ அதையே எடுத்துச் சொன்னேன். அந்தப் பெரியவர் சண்டைக்கு வரவில்லை, குற்றஞ்சாட்டவும் இல்லை. தம் முன்னோர்மேல் சுமத்தப்பட்ட ஒரு கொலைக்குச் சான்று கேட்டார். “தேடிப் பார்த்துச் சொல்கிறேன்” என்று சமாளித்தேன். பின்பு அவரை நான் சந்திக்கவே இல்லை. அந்தக் கடன் இன்னும் என்மேல் இருக்கிறது.

அன்றிரவு எனக்கு ஒன்பதாம் கற்பனை நினைவுக்கு வந்தது. அயலானுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்று கர்த்தர் சீனாய் மலையில் கட்டளையிட்டார். அது நீதிமன்றத்தில் ஏறி நிற்பவனுக்கு மட்டும் உரியதன்று. பிரசங்க பீடத்தில் ஏறி நிற்பவனுக்கும் உரியது; ஞாயிறு பள்ளியில் கதை சொல்லும் ஆசிரியைக்கும் உரியது; பேரனை மடியில் வைத்திருக்கும் பாட்டிக்கும் உரியது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி, இன்று அடுத்த வீட்டில் இருப்பவர்மேல் பழியாக விழக்கூடும் என்றால், சான்றின்றி அதைச் சொல்லுவது பக்தி ஆகாது.

இந்த இடத்தில் தோமாவே நமக்கு ஆசிரியராக நிற்பது எத்தனை பொருத்தம்! பத்துப் பேர் ஒரே குரலில் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. தழும்பைக் காண வேண்டும், தொட வேண்டும் என்றார். நாம் அவரைச் ‘சந்தேகத் தோமா’ என்று இகழ்கிறோம். ஆனால் இவரே, யூதேயாவில் ஆபத்து காத்திருக்கிறது என்று தெரிந்தும், ஆண்டவரோடு மரிக்கப் போவோம் என்று மற்றவர்களை அழைத்தவர் (யோவான் 11:16). துணிவில்லாததால் அவர் கேட்கவில்லை. பொய்யின்மேல் உயிரை வைக்க மனமில்லாததால் கேட்டார். ஆண்டவரும் அவரைத் தள்ளிவிடவில்லை. எட்டு நாளைக்குப் பின் அவருக்காகவே வந்து, கைகளையும் விலாவையும் காட்டினார். தோமா தொட்டார் என்று யோவான் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். காண்பிக்கப்பட்டதே போதுமாயிருந்தது, அவர் இயேசுவைத் தம் ஆண்டவர் என்றும் தேவன் என்றும் அறிக்கையிட்டார்.

சின்னமலையில் நானும் அந்தக் கைத்தடத்தில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். கல் குளிர்ந்திருந்தது. அது தோமாவின் கையா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல எனக்கு ஏடு இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன்: தழும்புள்ள ஒரு கையைக் காண விரும்பிய மனிதருடைய நினைவை, நம் ஊரார் ஒரு கையின் வடிவத்தில் காத்து வந்திருக்கிறார்கள். அந்த நினைவு எனக்கு அருமையானது. நினைவாக அதைப் போற்றுகிறேன். சாட்சியாக அதை நிறுத்தமாட்டேன்.

குகையைப்பற்றி வேதம் சொல்லும் இன்னொன்றையும் கேளுங்கள். எலியா யேசபேலுக்குத் தப்பி ஓரேபின் குகையில் தங்கியபோது, தான் ஒருவனே மீந்திருக்கிறேன், என் உயிரையும் வாங்கத் தேடுகிறார்கள் என்று முறையிட்டார். குகைக்குள் இருப்பவனுக்கு வெளியே இருப்பவர் எல்லாரும் பகைவராகத் தெரிவது இயல்பு. வாயில் சிறியது, பார்வையும் சிறியது. கர்த்தரோ அவரை வெளியே வந்து நிற்கச் சொன்னார். பாகாலுக்கு முழங்கால் முடங்காத ஏழாயிரம் பேர் உண்டென்று அறிவித்தார். எலியாவின் கணக்கில் ஒருவர். தேவனுடைய கணக்கில் ஏழாயிரம்.

நம் கணக்கும் அப்படித்தான் இருந்தது. குகைக் கதையில் நமக்கு வெளியே பகைவர் மட்டுமே தெரிந்தார்கள். ஏட்டைத் திறந்தால் அங்கே தெரிபவர் யார்? கிறிஸ்தவர்கள் பராமரிக்க இயலாமல் ஆலயம் இடிந்து கிடந்த நாட்களில், பிச்சையெடுத்து எண்ணெய் வாங்கி, அப்போஸ்தலன் பேரால் அறியப்பட்ட கல்லறையில் விளக்கேற்றிய ஓர் ஏழை இஸ்லாமியர். அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவருக்காக நாம் ஒரு நாளும் ஆலயத்தில் நன்றி சொன்னதில்லை. ஈட்டி பிடித்தவனை, அவன் இருந்தானா என்றே தெரியாமல், தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்தோம். விளக்குப் பிடித்தவரை மறந்துவிட்டோம்.

ஆகவே இந்த வாரம் உங்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் போய் வாருங்கள். பரங்கிமலையில் ஏறும் படிக்கட்டை அமைத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வணிகர். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் மர்மலாங் பாலத்தையும் அவரே தம் பணத்தில் கட்டினார். இன்றைய மறைமலை அடிகள் பாலம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. எந்த மதத்தார் நடந்தாலும் பாலம் தாங்கியது. குகையைக் காட்டும்போது, “இப்படி நம் முன்னோர் சொல்லி வந்தார்கள்” என்று சொல்லுங்கள். சிலுவையைக் காட்டும்போது, “இது நம் கண்முன் இருக்கும் சான்று” என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் அறியட்டும். அதனால் அவர்கள் விசுவாசம் குறையாது. தோமாவைக் கொன்றது யார் என்று கேட்டால், நமக்குச் சான்று இல்லை என்று சொல்லுங்கள். பிறகு அந்த விளக்கின் கதையைச் சொல்லுங்கள்.

ஜெபம்:

தோமாவின் கேள்வியைப் பொறுத்து, அவருக்கு உம்முடைய தழும்புகளைக் காண்பித்த ஆண்டவரே, எங்களுக்கும் உண்மையை நேசிக்கும் இருதயத்தைத் தாரும். நாங்கள் கதையென்றும் பக்தியென்றும் எண்ணி அயலவர்மேல் சுமத்திய பழிகளை எங்களுக்கு மன்னியும். என் வாயின் வார்த்தையால் மனம் வருந்திச் சென்ற அந்தப் பெரியவரையும் அவர் குடும்பத்தையும் ஆசீர்வதியும். எங்களுக்கு முன்னே இந்தக் கரையில் உம்முடைய இரக்கத்தைக் கேட்ட பெயரறியாத அடியானோடும், விளக்கேற்றிய பெயரறியாத அயலானோடும் எங்களையும் நினைத்தருளும். எங்கள் குறுகிய குகைகளிலிருந்து எங்களை வெளியே அழைத்து, உம்முடைய சமுகத்தில் நிற்கச் செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.